செக்கு சுற்றிய எஸ்.ஐ.

போன வாரம் ரேவதி வீட்டுக்கு வந்தாள். போலீஸ் வயர்லெஸ்ஸில் வேலை பார்க்கிற பிள்ளை. திருத்தணிப் பக்கம் டூட்டி விழுந்தால் என்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, ரிட்டையரான கிழவன் இன்னும் மூச்சு விடுகிறானா என்று தெரிந்துகொண்டு போவாள். வந்தவள் பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கைப்பிடி.

"ஐயா, வெள்ள டூட்டிக்குப் புச்சா குடுத்துகிறாங்க. இத்த சுத்தினா செல்போன் சார்ஜ் ஆவுது. கரண்டே வாணாம். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?"

'உங்க காலத்துல ஏது' என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் காலத்தில் நாங்கள் என்ன, சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிக்கொண்டா இருந்தோம்? பெட்டியை வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். கரகரவென்று சத்தம்தான் பெரிது. கையில் கனமே இல்லை. போனில் ஒரு கோடு ஏறுவதற்குள் நான் போட்டு வைத்த காபி ஆறிப்போய்விட்டது.

"இது பொம்மைம்மா. நாங்க சுத்தினது செக்கு" என்றேன்.

"செக்கா? எண்ணெய் ஆட்டறதா?"

"இல்ல. போலீஸ் செக்கு."

"அப்ப எழுதிக் குடுங்கய்யா. எங்க குரூப்புல போடறேன்" என்று சொல்லிவிட்டு, ஆறின காபியையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன். கோபத்தில் எழுத உட்கார்ந்தவன், கொஞ்சம் அப்படி இப்படித்தான் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தணிகாசலம். விவசாயக் குடும்பம். வேர்க்கடலை பிடுங்குவதிலிருந்து தப்பிப்பதற்காகப் போலீஸில் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. காதில் ஒரு ஹெட்போனை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம், குட்டை, நெட்டை என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, கடைசியில் சாப்பாட்டு வரிசையில் எவனாவது கரண்டியைத் தட்டில் தட்டினால்கூட அது என்ன எழுத்து என்று பார்க்கிற அளவுக்குப் பைத்தியம் பிடித்தது. அதற்குப் பிறகு 'தேறிவிட்டாய்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரேவதி வயசுப் பிள்ளைகளுக்கு இந்தக் குட்டை நெட்டையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அப்போது எங்கள் செய்தியெல்லாம் மோர்ஸில்தான் போகும். கீ என்று ஒரு கட்டை. அதை விரலால் தட்டி உடனே விட்டால் குட்டை. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நெட்டை. இரண்டையும் கலந்து ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு தாளம் இருக்கும். தமிழில் சொல்ல வேண்டியதையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுவோம்.

ஆபீசில் இருக்கும்போது கரண்டு, பேட்டரி எல்லாம் உண்டு. வெள்ளம், கலவரம், திருவிழா என்று எங்கேயோ ஒரு மரத்தடியில் செட்டை வைத்துக்கொண்டு குந்தினால் கரண்டை யார் கொடுப்பது? அதற்குத்தான் கையால் சுற்றுகிற ஜெனரேட்டர். இரும்புப் பெட்டி ஒன்று, அதற்கு மூன்று கால், உட்கார ஒரு பலகை, இரண்டு பக்கமும் சைக்கிள் பெடல் மாதிரி கைப்பிடி. ஒரு ஆள் உட்கார்ந்து இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். கான்ஸ்டபிள்கள் அதற்கு வைத்த பெயர் செக்கு. எதிர்முனை சொல்வதைக் கேட்பதற்கு மட்டும் இது வேண்டாம், சின்ன பேட்டரியே போதும். நாம் பதில் அனுப்ப வேண்டுமானால் யாராவது செக்கில் உட்கார்ந்தே தீர வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

முறை இதுதான். நான் இடது கையைத் தூக்குவேன். செக்கில் இருப்பவர் சுற்ற ஆரம்பிப்பார். செட்டில் ஒரு முள் மெதுவாக ஏறி நடுவில் வந்து நிற்கும். அது நிற்கும் வரை நான் கீயைத் தொட மாட்டேன். முள் ஆடினால் எதிர்முனையில் என் சத்தமும் ஆடும். அனுப்பி முடித்ததும் கையை இறக்குவேன்.

இந்தச் செக்குக்கு ஒரு குணம் உண்டு. நான் கீயைத் தொடாத வரைக்கும் கைப்பிடி வழுவழுவென்று ஓடும். கீயை அழுத்தினேனோ இல்லையோ, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி கனக்கும். விட்டால் மறுபடியும் லேசாகிவிடும். நான் இங்கே தட்டத் தட்ட, அங்கே சுற்றுகிறவனுக்கு வெடுக் வெடுக்கென்று பிடித்துப் பிடித்து விடும். புதிதாக உட்கார்ந்த எவனும் கத்தாமல் இருந்ததில்லை.

"யோவ், நான் ஒயுங்கா சுத்திகினு கீறேன். நீ எதுக்குய்யா நடுவுல நடுவுல பிரேக் போடுற?"

அப்படிக் கத்தினவன் பச்சையப்பன், பொதட்டூர்பேட்டைக்காரன். வீட்டில் எல்லோரும் தறி. லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு கையால் சுற்றுவதா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள் பலகையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, காலால் மிதிக்க ஆரம்பித்தான். "எங்க வூட்ல பொறந்த பசங்கோ நடக்கறதுக்கு முன்னாடியே மிதிப்பாங்கோ. காலு ஓயவே ஓயாது, பாரு" என்று சவால் வேறு. நானும் எனக்கென்ன போச்சு என்று கீயைத் தட்டினேன். தறி மிதிக்கிறவனுக்கு ஒரு மிதி, ஒரு நிறுத்தம், அப்புறம் ஒரு மிதி. என் சத்தமும் அதே மாதிரி ஏறி இறங்கிப் போயிருக்கிறது. எதிர்முனையிலிருந்து உடனே கேள்வி வந்தது: "உங்க செட்டு ஏன் அழுவுது? யாராச்சும் செத்துட்டாங்களா?"

எங்களுக்கு மேலே இருந்தவர் எஸ்.ஐ. தேவசகாயம். அரக்கோணம் பக்கத்தில் பழைய மிஷன் குடும்பம். ஒல்லியான ஆள், வெள்ளை மீசை, அயர்ன் கலையாத சட்டை. அவர் ஒருவரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பாக அனுப்பினால் "திரும்ப அனுப்பு" என்பார். அதுவும் தப்பானால் அதே குரலில் "திரும்ப அனுப்பு" என்பார். சத்தம் போட்டுத் திட்டிவிட்டால் நாமும் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இவரோ அதற்கும் வழி விடமாட்டார். பச்சையப்பனின் கால்வித்தையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஆளு எப்படியோ போவட்டும்பா. கரண்டு சமமா வரணும்."

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. முக்கியமான டூட்டியென்றால் எஸ்.ஐ.யே செக்கில் உட்கார்ந்துவிடுவார்! தோளில் நட்சத்திரம் வைத்த ஆள் கான்ஸ்டபிள் வேலையைச் செய்வதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். முழுக்கையை முழங்கைக்கு மேலே மடிப்புக் கலையாமல் மடிப்பார். பலகைமேல் கைக்குட்டையை விரித்து, நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். என் கை மேலே போனதும் சுற்ற ஆரம்பிப்பார். தொண்டைக்குள் சர்ச்சில் பாடுகிற ஏதோ ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். முள் நடுவில் வந்து ஆணி அடித்த மாதிரி நிற்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரி கரண்டை அதற்கப்புறம் நான் மெயின் லைனிலேயே பார்த்ததில்லை.

ஒரு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைமேல் செட்டு போட்டோம். கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். காவடிக்கு நடுவில் ஒதுக்கமாக ஓரிடத்தில் செக்கை வைத்துப் பச்சையப்பன் வியர்க்க விறுவிறுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான். மொட்டை போட்டு சந்தனம் பூசின ஒரு நகரி ஊர்க்காரர், கூட வந்த பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்று இவனையே பார்த்தார். பிறகு பயபக்தியோடு கிட்டே வந்தார்.

"சாமி, இது இன்னா வேண்டுதலு?"

பச்சையப்பனுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. யோசிக்கவே இல்லை. "முருகனுக்கு வெளிச்சம் குடுக்கற வேண்டுதலு. நீங்களும் சுத்தறீங்களா?"

அவ்வளவுதான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மச்சான், மச்சானுக்குப் பின்னால் பக்கத்து ஊர்க்காரர் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை வளர்ந்துவிட்டது. ஒவ்வொருவரும் "அரோகரா" என்று சொல்லிச் சுற்ற, நான் கூட்ட நிலவரத்தை அனுப்பிக்கொண்டே இருந்தேன். நான் கீயை அழுத்தும்போது கைப்பிடி கனத்ததும் ஒரு அம்மா "ஐயோ, சாமி புடிக்குது, சாமி புடிக்குது!" என்று ஆடவே ஆரம்பித்துவிட்டார். பச்சையப்பன் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் எஸ்.ஐ. வந்து நின்றார். எங்களுக்கு உயிரே போய்விட்டது.

அவர் வரிசையைப் பார்த்தார். ஆடுகிற அம்மாவைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார்.

"முள்ளு நிக்குதா?"

"நிக்குது சார்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது தோள் குலுங்கினதாகப் பச்சையப்பன் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை.

இந்த இடத்தில் கோபாலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என்னோடு சேர்ந்த ஆபரேட்டர், நகரிப் பக்கத்துத் தெலுங்குப் பேச்சுக்காரன். அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்ப் போய், கடைசியில் அவன் அக்கா மோகனாவையே கட்டிக்கொண்டேன். அதிலிருந்து நான் அவனுக்கு பாவா. நான் வெளியூர் டூட்டிக்குப் போனால் திருத்தணி செட்டில் அவன் இருப்பான். அரசாங்கச் செய்தியை ஒழுங்காக அனுப்பி முடித்துவிட்டு, வாலில் நாலு வார்த்தை எங்கள் சொந்தக் கதையையும் தட்டிக்கொள்வோம். இது பெரிய குற்றம். மாட்டினால் தொப்பி போய்விடும். ஆனால் யார் மாட்டப் போகிறார்கள்? என் காதில் விழுவது எனக்கு மட்டும்தான் கேட்கும். நான் அனுப்புவது கோபாலுக்கு மட்டும்தான் கேட்கும். செக்கு சுற்றுகிறவர் செவிடு மாதிரித்தான், பாவம்.

அதனால் செக்கு சுற்றுகிற எஸ்.ஐ.க்கு நாங்கள் ஒரு பெயர் வைத்தோம். செக்கை யார் சுற்றும்? மாடு. அவர் பெயர் மாடு. கோபாலும் நானும் அதைத் தட்டித் தட்டி அப்படிப் பழகிவிட்டோம். நெட்டை நெட்டை, குட்டை நெட்டை, நெட்டை குட்டை குட்டை, குட்டை குட்டை நெட்டை. இன்றைக்கும் சும்மா உட்கார்ந்தால் விரல் அதைத்தான் தட்டும். "மாடு இன்னிக்கு நல்லா சுத்துது." "மாட்டுக்குத் தீனி போட்டீங்களா பாவா?" "மாடு பாட்டுப் பாடுது." எனக்கு மூன்று முழம் தள்ளி உட்கார்ந்து அவர் சுற்றிக் கொடுக்கிற கரண்டிலேயே அவரைக் கேலி பேசுவதில் ஒரு தனி ருசி இருந்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன்.

அப்போது மோகனா வாயும் வயிறுமாக இருந்தாள். இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை பிறந்து அழாமலே போய்விட்டது. அதற்கப்புறம் வீட்டில் தொட்டில் என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தத் தடவை டாக்டரம்மா எச்சரிக்கையாக இருக்கச் சொல்லியிருந்தார். நாள் நெருங்கினதும் லீவு கேட்கப் போனேன். அன்றைக்குப் பார்த்து ஆந்திரா பக்கம் கொட்டோ கொட்டென்று மழை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், பள்ளிப்பட்டில் ஆறு ஏறுகிறது, டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது என்று செய்தி. எஸ்.ஐ. என் லீவு லெட்டரை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"வேகமா தட்டத் தெரிஞ்ச ஆளு வெளி டூட்டிக்கு நீ ஒருத்தன்தான் இருக்க. ஆறு ஏறிகினு இருக்கு. ஜீப்புல ஏறு."

ஏறினேன். வயிற்றெரிச்சலோடு ஏறினேன். மோகனா வாசலில் நின்று, "நீங்க போய்ட்டு வாங்க, கோபாலு இருக்கான்ல" என்று சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பள்ளிப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் செட்டு போட்டோம். தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. பச்சையப்பனும் மற்றவர்களும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆற்றோரத்துக் குடிசைகளைக் காலி செய்யப் போய்விட்டார்கள். அறையில் நானும் எஸ்.ஐ.யும்தான். அவர் கடிகாரத்தைக் கழற்றினார், கையை மடித்தார், கைக்குட்டையை விரித்தார், சுற்ற ஆரம்பித்தார். தண்ணீர் ஏறுகிற அளவு, எந்தத் தெரு காலி, எங்கே அரிசி வேண்டும், படகு எங்கே வேண்டும் என்று காலையிலிருந்து செய்தி மேல் செய்தி. ஒவ்வொன்றின் வாலிலும் நான் ஒரு கேள்வியை ஒட்டினேன்.

"மோகனா எப்படி?"

"வலி எடுத்துச்சு பாவா. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். அம்மா கூட கீது."

அடுத்த செய்தியின் வாலில், "இப்போ?"

"இன்னும் ஆவல. டாக்டரம்மா மூஞ்சி சரியில்ல."

என் கோபம் முழுக்க செக்குப் பக்கம் திரும்பியது. தட்டினேன்: "மாடு லீவு குடுத்திருந்தா நான் அங்க இருந்திருப்பேன். மாட்டுக்குப் புள்ள குட்டி இருந்தாத்தானே தெரியும்."

எஸ்.ஐ.க்குக் குழந்தை கிடையாது. ஊருக்கே தெரிந்த விஷயம். நான் கீயிலிருந்து விரலை எடுக்கிற நேரம் முள் சடாரென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. கை அசந்துடுச்சு." மறுபடியும் சுற்றினார். தொண்டையில் அந்த மெட்டு மட்டும் திரும்ப வரவில்லை.

அப்புறம் கோபாலிடமிருந்து வந்தது இது: "ஆபரேஷன் பண்ணணுமாம். உங்களுக்குப் பதிலா நான் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன் பாவா. உள்ள கூட்டிகினு போய்ட்டாங்க."

அதோடு திருத்தணியிலிருந்து சத்தம் இல்லை. அவன் சும்மா இருக்கிறானா, அழுதுகொண்டிருக்கிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்க வேண்டுமென்றால் கரண்டு வேண்டும். கரண்டு வேண்டுமென்றால் மாடு சுற்ற வேண்டும். மாடு சுற்ற வேண்டுமென்றால் அரசாங்கச் செய்தி இருக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மழை விட்டுவிட்டது, ஒரு செய்தியும் இல்லை. எஸ்.ஐ. பலகையை விட்டு எழுந்து கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுவிட்டார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகா, இந்தத் தடவையும் கையை விரிச்சிடாதப்பா என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

பச்சையப்பன் நனைந்த கோழியாக வந்து வாசலில் நின்றான். "சார், தண்ணி நின்னுபோச்சு. கல்லுல வச்ச அடையாளம் அப்படியே கீது. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ரோட்டுல அரிசி லாரி வந்துகினு கீது, மூட்டை எறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் பிடித்துக்கொண்டேன். "சார், தண்ணி அளவு மாறலேன்னு திருத்தணிக்குச் சொல்லிடலாமா?"

"மாறலேன்னா எதுக்குப்பா சொல்லணும்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பலகைமேல் விரித்தார். அன்றைக்கு மூலையைச் சரிபார்க்கவில்லை.

"மாறலைங்கறதும் ஒரு செய்திதான். தட்டு."

கையைத் தூக்கினேன். முள் நின்றது. "தண்ணி மாறல" என்று ஒரே மூச்சில் தட்டிவிட்டு, "மோகனா? கொழந்த? சொல்லுடா" என்று தட்டினேன். அவசரத்தில் இரண்டு எழுத்து தப்பானது. கையை இறக்கினேன்.

பதில் வந்தது. கோபால் எவ்வளவு வேகமாகத் தட்டினான் என்றால், தெலுங்கும் தமிழும் கலந்து ஒரே குழப்பம். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. பெண் குழந்தை. அழுதிருக்கிறது. ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி அழுதிருக்கிறது. அக்கா கண்ணைத் திறந்து உன் பாவா சாப்பிட்டாரா என்று கேட்டாளாம்.

எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. முடியுமா? சொந்தச் செய்தி பேசினது தெரிந்தால் வேலை போய்விடும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு செட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் எஸ்.ஐ.

"ஒண்ணுமில்ல சார். மெசேஜ் கெடச்சுதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கெடச்சது பொண்ணா, பையனா?"

என் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் நழுவிக் கழுத்தில் விழுந்தது.

"நான் வேலைல சேந்தப்ப இதே செக்குலதாம்பா உக்காந்தேன்" என்றார். "வருசக்கணக்கா சுத்தினேன். கனத்தா நெட்டை, வெடுக்குன்னா குட்டை. கையிலயே எல்லாம் வந்துடும். அப்புறம்தான் ஆபரேட்டர் பரீட்சை எழுதினேன்."

சுவருக்குக் காது உண்டென்று எல்லோருக்கும் தெரியும். கைக்குக் காது உண்டென்று யார் கண்டார்கள்? எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாடு பாட்டுப் பாடுது என்று தட்டின அன்றைக்குப் பாட்டு நின்றது. மாட்டுக்குத் தீனி போட்டேன் என்று தட்டின அன்றைக்கு டீயை வேண்டாமென்று தள்ளி வைத்தார். இன்றைக்குக் காலையில் புள்ள குட்டி என்று தட்டினதும் முள் விழுந்தது. ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"பொண்ணு சார்" என்றேன். "நல்லா இருக்காங்க சார், ரெண்டு பேரும். சார், நான்..."

"எந்திரி. இங்க வந்து உக்காரு."

"சார்?"

"ஆறு ஏறிகினு இருந்தப்ப உன் கை வேணும்பா, என் கை இப்ப மெதுவா ஆயிடுச்சு. அதான் லீவு குடுக்கல. இப்ப ஆறு நின்னுடுச்சு. இனிமே தட்டறதுக்கு என் கையே போதும், சுத்தறதுக்குப் பச்சையப்பன் இருக்கான். அரிசி லாரி திரும்பிப் போவும்போது நீ ஏறிக்க. அதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போவணும். உக்காந்து சுத்து."

அவர் கைக்குட்டைமேல் நான் உட்கார்ந்தேன். அவர் கீயின் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இடது கையைத் தூக்கினார். நான் சுற்ற ஆரம்பித்தேன். பயிற்சிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் செக்கைத் தொடுகிறேன். முதல் இரண்டு எழுத்தில் ஒன்றும் புரியவில்லை, கனக்கிறது, லேசாகிறது, கனக்கிறது என்பது மட்டும்தான். மனுஷர் எனக்காகவே ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாக அழுத்தி விட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. காதில் எதுவுமே விழாமல், சர்க்கார் செய்தி ஒன்றை என் கை படித்தது.

ஆபரேட்டர் தணிகாசலத்துக்கு லீவு. லாரியில் வருகிறான். செட்டில் நான் இருக்கிறேன்.

அடுத்தது அனுப்புகிறவர் பெயர் வர வேண்டும். தேவசகாயம் என்பதற்கு முதலில் ஒரு நெட்டை, இரண்டு குட்டை. நான் அதற்குத் தயாராகக் கையை வைத்துக்கொண்டு சுற்றினேன்.

நீளமாக ஒரு கனம். நீளமாக இன்னொரு கனம். வெடுக்கென்று ஒன்று, அப்புறம் நீளம். நீளம், வெடுக், வெடுக். வெடுக், வெடுக், நீளம்.

மாடு.

என் இரண்டு கையும் கைப்பிடியிலேயே நின்றுவிட்டன. முள் சரிந்து விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கின கையையும் இறக்கவில்லை.

"ஆளு எப்படியோ போவட்டும்பா, கரண்டு சமமா வரணும்" என்றார். "சுத்து. உன் மச்சானுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு."